மதினி எங்கள் வீட்டில் சாப்பிடாத மாதங்கள்

போன மாதம் என் மதினியை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். கோயில் பிரசங்கத்தில் இளம் பங்குச் சாமியார், இறந்தவர் சாந்தமான தாய், யார் சொல்லையும் தட்டாதவர் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் வாசித்தார். ஆனால் மூன்றாவது பெஞ்சில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் அழுவதாக நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

என் வயதுக்காரிகள் நாலைந்து பேராவது இன்னும் இருக்கிறீர்கள். தென்மேற்குக் காற்று வீசிய அந்தக் கச்சான் காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் பகலெல்லாம் போய்க்கொண்டிருந்தன. காயப்போட்ட துணியில் எல்லாம் செம்மண் படிந்து கிடக்கும். எனக்குப் பதினோரு வயது, மதினிக்குப் பதினைந்து. அந்தச் சாந்தமான தாய் அப்போது முயலைப் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கி, பிடரியில் ஒரே அடியில் கொல்லத் தெரிந்தவள். எனக்கும் அதைக் கற்றுத் தந்தவள். அதைச் சொல்லாமலே அவளை மண்ணுக்குள் வைத்தது எனக்கு ஒப்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மதினி என் தாய்மாமாவின் ஒரே மகள். அவளைப் பெற்ற கையோடு அவள் அம்மா போய்விட்டார். மாமா தோணித் தண்டல். அதாவது பாய்மரத் தோணியை நடத்திப் போகிறவர். வெங்காயமும் அரிசியும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வருவார். அவர் கடலில் இருக்கும் நாட்களில் மதினி எங்கள் வீட்டில் இருப்பாள். கரைக்கு வந்துவிட்டால் அடுத்த தெருவில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவாள். கரையில் இருக்கும்போது மாமா சீட்டாட மாட்டார், குடிக்க மாட்டார். பழைய வலையையும் நாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் பின்னால் உடைமரம் மண்டிய உடங்காட்டுக்கு முயல் பிடிக்கப் போவார். பொம்பளப் பிள்ளையை முள்காட்டுக்குள் கூட்டிப் போகிறாரே என்று தெருவே பேசியது. மாமா காதில் வாங்கவில்லை.

அந்த வருஷம் சித்திரையில், கடைசி நடைக்கு இரண்டு தோணிகள் சேர்ந்து போயின. ஒன்றுதான் திரும்பி வந்தது. மாலத்தீவை நெருங்கும்போது புயல் அடித்ததாகவும், மாமாவின் தோணியில் பாய்மரம் ஒடிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகவும் வந்தவர்கள் சொன்னார்கள். பிறகு மழை மறைத்துவிட்டதாம். மறுநாள் பலகைகளும் வெங்காயச் சாக்குகளும் மிதந்து வந்தனவாம்.

நாற்பது நாள் பொறுத்திருந்தார்கள். அப்பா கிளியரிங் ஆபீசில் குமாஸ்தா. தெரிந்த கப்பல்காரர்களிடம் எல்லாம் விசாரித்தார், தந்தி கொடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. அப்பா மோசமானவர் அல்ல. ஆனால் எந்தக் காரியமானாலும் முடிவு எழுதிக் கோப்பைக் கட்டி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நாற்பத்தோராம் நாள் காலையில், மாமாவின் ஆத்துமத்துக்குப் பூசை வைத்துவிடலாம் என்றார். அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மதினி அழவில்லை.

"மரம் ஒடிஞ்சா தோணி முங்கிருமா மாமா?" என்று அப்பாவைக் கேட்டாள். "ரெண்டு பீப்பாய் தண்ணி இருக்கு. அரிசி மூட மூடையா இருக்கு. எங்கனயாவது ஒரு தீவுல ஒதுங்கியிருப்பாவ. கச்சான் அடங்காம அங்கன இருந்து ஒரு தோணி வராது. ஆவணி முடியட்டும்."

"ஆத்துமத்தக் காத்துக் கிடக்கப் போடக் கூடாது மக்கா," என்றார் அப்பா.

"உயிரோட இருக்கவுகளுக்கு எதுக்குப் பூசை?"

"ஏளா, கோட்டித்தனமா பேசாத," என்றாள் அம்மா.

பூசை நடந்தது. கோயில் நடுவில் வெறும் சவப்பெட்டியை வைத்துக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். சுற்றிலும் ஆறு மெழுகுதிரிகள். மதினி கோயிலுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுப் பின்வாசலில் நாயை மடியில் கிடத்தி உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். உறவுக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் அம்மா அவளுக்குத் தட்டில் சோறு கொண்டுபோனாள். மதினி கையை நீட்டவில்லை.

"எங்க அப்பாவுக்குச் சாவுச்சோறு ஆக்குன அடுப்பு அத்தை அது. அவுக வாற வரைக்கும் இந்த வீட்டுல நான் சாப்பிட மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. வேலைக்காரியிடம் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்வதுபோல இருந்தது. ஒரு வேளைப் பசியில் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அவர்கள் செய்த பிழைகளில் அது சிறியதுதான்.

படுக்க மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவாள். அவர்கள் வீட்டுப் பானையில் மாமா விட்டுப்போன அரிசி கொஞ்சம் இருந்தது. பத்து நாளில் அது தீர்ந்தது. அதற்கு முன்பே அவள் வேட்டைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். மூன்றாம் நாள் நான் பின்னாலேயே போனேன். உப்பளத்து வரப்பில் திரும்பிப் பார்த்து நின்றாள். விரட்டுவாள் என்று நினைத்தேன்.

"செருப்பக் கழத்திராத. முள்ளு ஏறினா உன்னத் தூக்கிட்டு வர என்னால ஆகாது," என்று மட்டும் சொன்னாள்.

விடிந்தும் விடியாததுமாகக் கிளம்புவோம். கச்சான் காலத்தில் பத்து மணிக்கு மேல் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். மாமாவின் வலை நூல்வலை. மரப்பட்டைச் சாயத்தில் ஊறிக் கறுத்துப்போய், கையில் எடுத்தால் கருவாடும் புகையும் கலந்த மணம் வரும். இரண்டு உடைமரங்களுக்கு நடுவில், முயல் போய்வரும் தடத்தின் குறுக்கே அதைத் தொய்வாகக் கட்டுவாள். காற்று நம் முகத்தில் படும்படி வலைக்குப் பின்னால் ஒருத்தி குந்தியிருக்க வேண்டும். இன்னொருத்தி நாயோடு சுற்றிப் போய் மறுபக்கமிருந்து கலைத்துவிட வேண்டும். வலையில் முயல் மோதியதும், குந்தியிருப்பவள் அது சுதாரிக்கும் முன் மேலே விழுந்து அமுக்க வேண்டும்.

முதல் நாள் வலைக்குப் பின்னால் என்னைத்தான் உட்கார வைத்தாள். முயல் வந்தது. அவ்வளவு பெரிய கண்ணை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. வீலென்று கத்திவிட்டேன். முயல் அந்தரத்திலேயே திரும்பி ஓடிப்போய்விட்டது. மதினி மூச்சிரைக்க வந்து, காலியாகக் கிடந்த வலையைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். வலையை அவிழ்த்துச் சுருட்டினாள்.

"இன்னைக்குக் கத்துன. நாளைக்குக் கத்த மாட்ட," என்றாள்.

அன்றைக்கு வற்றிய கடலில் இறங்கி, பாறைச் சந்துகளில் நண்டு பிடித்தாள். மூன்று கல் கூட்டி அவர்கள் வீட்டு முற்றத்தில் அவித்துத் தின்றாள். எனக்கும் ஒரு கால் கொடுத்தாள். நான் வாங்கவில்லை, எங்கள் வீட்டில் எனக்கு இட்லி காத்திருந்தது.

மறுநாளும் கத்தினேன். நாலாவதோ ஐந்தாவதோ நாள் கத்தவில்லை. வலையோடு முயலை அமுக்கிக்கொண்டு மண்ணில் கிடந்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. மதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளே கொல்லுவாள் என்று பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சவதான் முடிக்கணும். நேரம் போக்காத. நேரம் போனா அதுக்குத்தான் கஷ்டம்."

செய்தேன். பிறகு அழுதேன். அவள் தேற்றவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. தோலை உரித்து, ஈரலைத் தனியாகச் சுட்டு, உப்புத் தொட்டு முதலில் எனக்குத்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். அதற்கு முன்பு வெறும் சொந்தக்காரிகள்.

இன்னொரு நாள் கிடைத்தது பெட்டை முயல். மதினி அதன் வயிற்றை விரலால் நீவிப் பார்த்தாள். பால் துளிர்த்தது. வலைக் கண்ணியை ஒவ்வொன்றாக விலக்கி அதை விட்டுவிட்டாள். முந்தின நாளும் அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அன்று கிடைத்தது நாலு சிப்பியும் ஒரு நுங்கும்தான். அதைத் தின்றுகொண்டே, வலையில் கிழிந்திருந்த இடத்தை எப்படி முடிவது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அரிசிக்கு உப்பளத்துப் பெண்களிடம் போவாள். தாமிரபரணிப் பக்கத்து ஊர்களிலிருந்து உப்பு வார வந்தவர்கள் அவர்கள். வீட்டில் நெல் உண்டு, கறிக்குத்தான் வழியில்லை. ஒரு முயலுக்கு ஒரு படி அரிசி தருவார்கள். அவர்களில் ஒருத்தி, "வீட்டுல ஆளிருந்தும் ஏளா இப்படி அலையுத?" என்று கேட்டாள். "எங்க அப்பா வாறதுக்கு நாளிருக்கு," என்றாள் மதினி. அந்த அம்மா வேறெதுவும் கேட்காமல் படியில் தலைதட்டாமல் குவித்து அளந்து போட்டாள்.

அம்மா தினமும் தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்பும் என்னிடம் கொடுத்தனுப்புவாள். மதினி மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் உப்பளத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, சட்டியை மண்போட்டு விளக்கித் திருப்பி அனுப்புவாள். அம்மா பளபளக்கும் சட்டியை வாங்கி வைப்பாள். மறுநாளும் நிரப்புவாள். இரண்டு பேருமே ஒருநாள்கூட நிறுத்தவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. நான் விடியற்காலையிலும் சனி ஞாயிறுகளிலும் மட்டும் போனேன். தெரு பேச ஆரம்பித்தது அப்போதுதான். வயசுப்பிள்ளை தினமும் உடங்காட்டுக்குள் எதற்குப் போகிறாள், கல் லாரி ஓட்டுகிற எவனையோ பார்க்கத்தான் என்று எதிர்வீட்டுக்காரி அம்மாவிடமே வந்து சொன்னாள். அப்பா என்னைக் கூப்பிட்டார். என் பாவாடையில் காய்ந்த இரத்தம் இருந்தது.

"எங்கன போனீய?"

"முயலுக்கு."

"வேற யாரு வாரா அங்கன?"

"நாய்."

பொய் சொல்கிறேன் என்று நினைத்துப் பெல்ட்டால் அடித்தார். மதினியை உள்ளறையில் விட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அறைக்குள் தண்ணீர்ப் பானையும் ஒரு தட்டுச் சோறும் வைத்திருந்தார். அவள் தண்ணீரை மட்டும் குடித்தாள். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் சோறு அப்படியே திரும்பி வந்தது. கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்து, "ஒரு வாய் தின்னு மதினி, யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

"தின்னது எனக்குத் தெரியும்லா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வலைய வெயில்ல போடாத, நூலு இத்துரும். நாய்க்குத் தண்ணி வை."

மூன்றாம் நாள் காலையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அம்மா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. கதவை விட்டு விலகி நின்றாள்.

"போ. போய் உன் சோத்தத் தேடு. அண்ணன் வந்து கேட்டா, பிள்ளையப் பட்டினி போட்டேன்னு நான் சொல்ல முடியாது."

அன்று எனக்கு மதினி வெளியே வந்ததுதான் பெரிதாக இருந்தது. அண்ணன் வந்து கேட்டால் என்று அம்மா சொன்னதை இந்த வயதில்தான் கேட்கிறேன். பூசை வைத்தவளுக்கும் நம்பிக்கை போயிருக்கவில்லை. அதை வெளியில் காட்டிக்கொள்ள அவளுக்கு இடமில்லாமல் இருந்தது. குளித்துவிட்டு வந்த அப்பா திறந்த கதவைப் பார்த்தார். "நான்தான் திறந்தேன்," என்றாள் அம்மா. அவர் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். அதற்குப் பிறகு யாரும் அவளைப் பூட்டவில்லை.

ஆடி போனது. ஆவணி கடைசியில் காற்று தளர்ந்தது. மதினி வேட்டை முடிந்ததும் கடற்கரைக்குப் போய் நிற்கத் தொடங்கினாள். மாலத்தீவிலிருந்து பருவத்தின் முதல் தோணி வந்த அன்று நானும் கூட நின்றேன். இறங்கியவர்களில் ஒருவர் மாமாவின் தோணிப் பண்டாரி. தோணியில் சமைக்கிறவரைப் பண்டாரி என்போம். தாடி வளர்ந்து, எலும்பாக இருந்தார். மதினியைப் பார்த்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஆள் விட்டுச் சொல்லி அப்பாவும் அம்மாவும் ஓடி வந்தார்கள்.

பண்டாரி மெதுவாகச் சொன்னார். மரம் விழுந்தபோது மாமாவின் தொடையில் விழுந்தது. இரண்டு பேரைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சப் பேரோடு தோணி ஒன்பது நாள் இழுபட்டு ஆளில்லாத ஒரு சின்னத் தீவில் தட்டியது. அரிசியும் தண்ணீரும் இருந்தன. மாமாவின் கால் மட்டும் ஆறவில்லை. நாள் கணக்குக்காகப் பண்டாரி பாய்மரம் விழுந்த அன்றிலிருந்து ஒரு கயிற்றில் தினமும் முடிச்சுப் போட்டு வந்தார். அறுபத்திரண்டாவது முடிச்சன்று மாமா இறந்தார். அதற்குப் பிறகுதான் மாலத்தீவு மீன்காரர்கள் கண்டு மற்றவர்களைக் கரை சேர்த்தார்கள்.

அப்பா விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்தபின் கையை இறக்கவில்லை. வெறும் பெட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்தி நாங்கள் பூசை வைத்த அன்று, மாமா அந்தத் தீவில் உயிரோடு படுத்திருந்தார்.

மதினி பண்டாரிக்கு எதிரே குந்தினாள்.

"வலியில கிடந்தாவளா?"

"கிடந்தாவ."

"கடைசியில என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல தாயி. ரெண்டு நாளா பேச்சே இல்ல."

"யாரு குழி தோண்டினது?"

"நான்தான். இன்னும் ஒருத்தன்."

"ஆழமா தோண்டினியளா?"

"இடுப்பளவுக்கு. மேல கல்லு அடுக்குனோம்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த நாலு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான். அம்மா பக்கத்தில் போகப் பயந்து, இரண்டடி தள்ளி மணலில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மதினி முகம் கழுவி, என்னையும் கூட்டிக்கொண்டு சாமியாரின் பங்களாவுக்குப் போனாள். வயதான சாமியார் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, எங்க அப்பாவுக்கு வச்ச பூசை செல்லாது. வேற வைக்கணும்."

"ஆண்டவர் முன்னால எந்தப் பூசையும் வீணாப் போகாது மகளே."

"அன்னைக்கு அவுக உயிரோட இருந்தாவ சாமி. செத்ததுக்கு அப்புறம் அவுகளுக்குன்னு யாரும் ஒரு பூசை வைக்கல."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னைக்கு வைக்கட்டும்?"

"சனிக்கிழம. எனக்கு ரெண்டு நாள் வேட்டைக்கு வேணும்."

இரண்டு நாளும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. நாலு முயல் பிடித்தோம். அதில் இரண்டு நான் அமுக்கியவை. சனிக்கிழமை கோயிலில் பெட்டி வைக்க வேண்டாம் என்று மதினி சொல்லிவிட்டாள். ஆறு மெழுகுதிரிகள் மட்டும் எரிந்தன. முதல் பெஞ்சில் அவளும் நானும் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் எங்களுக்குப் பின்னால் இருந்தார்கள்.

பூசை முடிந்து வந்து எங்கள் வீட்டு அடுப்பில் மதினியே கறி ஆக்கினாள். அம்மாவைத் தேங்காய் அரைக்கச் சொன்னாள். அம்மா அரைத்துக் கொடுத்தாள். பண்டாரி வந்ததிலிருந்து அம்மா ஒரு பருக்கைகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. மதினி இலை போட்டு, சோறு வைத்து, கறியை ஊற்றி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சாப்பிடுங்க அத்தை. இன்னைக்குத்தான் எங்க அப்பாவுக்குப் பூசை."

அம்மா முதல் வாயை எடுத்தாள். மதினி பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அம்மா இலையில் இருந்ததை முடித்தபின், மதினி தானும் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் போடுங்க."

அம்மா சோறு வைத்தாள். மதினி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா வாசற்படியில் உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவர்போல நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க மாமா, ஆறிரும்," என்றாள் அவரைப் பார்க்காமலே.

அவர் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இனி தூங்கலாம் என்று போர்வையை இழுத்து மூடியிருந்தேன். விடிந்தும் விடியாததுமாக யாரோ என் காலைப் பிடித்து உலுக்கினார்கள். வலை தோளில் கிடக்க, மதினி நின்றாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அதான் நம்ம வீட்டுலயே சாப்பிட ஆரம்பிச்சுட்டியே மதினி. இனி எதுக்கு?"

"முயலு அங்கனதான இருக்கு," என்றாள். "எந்திரி."